எஃகுத் தொப்பி அணிந்த நீதிபதி

தீர்ப்பு எழுதிய கைகள் – 7

கர்னல் பிரைடின் வீரர்கள் நாடாளுமன்ற வாசலை மறித்து, மன்னருடன் சமரசம் பேச விரும்பிய உறுப்பினர்களை விரட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். மிச்சமிருந்தவர்கள், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை விசாரிக்க 135 பேர் கொண்ட சிறப்பு நீதிமன்றத்தை அமைத்தார்கள். முதல் நாள் விசாரணைக்கு வந்தவர்கள் அதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். நாட்டின் தலைமை நீதிபதிகளோ முன்னரே ஒதுங்கிக்கொண்டார்கள். யாரும் உட்காரத் துணியாத அந்தத் தலைமை நாற்காலி ஜான் பிராட்ஷாவிடம் வந்து சேர்ந்தது.

1602இல் செஷயர் பகுதியில் பிறந்தவர் பிராட்ஷா. லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் பயின்று, காங்கிள்டன் என்ற சிற்றூருக்கு மேயராக இருந்தவர். ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் சாட்டையடி கொடுத்து வதைத்த ஜான் லில்பர்னுக்காக 1646இல் பிரபுக்கள் சபையில் வாதாடி, அந்தத் தண்டனையைச் செல்லாததாக்கினார்.

1649 ஜனவரி 20. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. யாராவது சுட்டுவிடக்கூடும் என்று அஞ்சி, உள்ளே எஃகுத் தகடு பதித்த தொப்பியை அணிந்து வந்தார் பிராட்ஷா. அது இன்றும் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்த அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள் என்று கேட்டார் சார்லஸ். இங்கிலாந்து மக்களின் பெயரால் என்றார் பிராட்ஷா. மன்னர் கடைசிவரை அந்த நீதிமன்றத்தை ஏற்கவில்லை. குற்றச்சாட்டுக்குப் பதிலும் சொல்லவில்லை. 27ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மன்னர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், குடிகளைக் காக்கும் கடமையை மீறியவருக்கு அவர்கள் பணிய வேண்டியதில்லை என்று பிராட்ஷா நெடுநேரம் விளக்கிவிட்டு, மரண தண்டனை விதித்தார். அதன் பிறகு மன்னர் பேச முயன்றபோது அனுமதி மறுத்தார். அது பிராட்ஷாவின் மீது படிந்த கறை. மரண ஆணையில் 59 பேர் ஒப்பமிட்டனர். முதல் ஒப்பம் அவருடையது. ஜனவரி 30இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது.

போரில் தோற்றுப்போய்க் கைதியாக நின்ற மன்னருக்குத் தண்டனை தர, பின்னால் படை இருந்தால் போதும் என்று சொல்லலாம். பிராட்ஷாவின் நேர்மைக்கு உண்மையான சோதனை 1653 ஏப்ரல் 20 அன்று வந்தது. தளபதி ஆலிவர் கிராம்வெல் வீரர்களுடன் புகுந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அன்று பிற்பகலே, பிராட்ஷா தலைமை வகித்த அரசு மன்றத்தையும் கலைக்க வந்தார். நாடாளுமன்றம் கலைந்துவிட்டதாக நினைப்பது தவறு, அதைக் கலைக்கும் அதிகாரம் அதற்கு மட்டுமே உண்டு என்று கிராம்வெல்லின் முகத்துக்கு நேரே சொன்னார் பிராட்ஷா. இந்த முறை படை எதிர்ப்பக்கம் நின்றது. மறு ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானபோதும், கிராம்வெல் ஆட்சியை ஏற்று ஒப்பமிட மறுத்தார்.

1659இல் இறந்த அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். மன்னராட்சி திரும்பியதும், 1661 ஜனவரி 30 அன்று, கிராம்வெல்லின் உடலோடு அவருடைய உடலையும் டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டார்கள். தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் நட்டுவைத்தார்கள்.

அவர் தலைமை வகித்த நீதிமன்றத்தில் குறைகள் உண்டு. ஆனால், மன்னருக்குச் சொன்ன அதே சட்டத்தைத் தன் பக்கத்துத் தளபதிக்கும் சொன்னவர் அவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நீதிபதி என்று அழைக்கலாம்.

(அடுத்த வாரம்: மன்னர்மீது குற்றம் சாட்டிய வழக்கறிஞர் ஜான் குக்)