மின்வலுச் சில்லுகளும் அவற்றின் காவலும்

மின்சாரத்தை ஆக்குதல் ஒரு கலை. ஆக்கிய மின்சாரத்தை வேண்டியவாறு ஆளுதல் மற்றொரு கலை. அது கட்டுமீறும் வேளையில் தடுத்து நிறுத்துதல் மூன்றாவது கலையாகும். முதலிரண்டின் பயனை மின்புகைவண்டியிலும், மாடங்களுக்கு ஏற்றிச் செல்லும் உயர்த்தியிலும், மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டியிலும் யாவரும் காண்கின்றனர். மூன்றாவதோ மறைந்து நின்று தொழிற்படுவது. அது செவ்வனே தொழிற்படும் வரை அதனை எவரும் நினைப்பதில்லை. இம்மறைந்த காவல் இன்றைய இலத்திரனியல் ஆளிகளில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

மின்சுற்றின் மிகப் பழைய காவலன் உருகி. எடிசன் 1890ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஓட்டம் அளவு கடந்தால் மெல்லிய கம்பி முதலில் உருகி அறுந்து, பெறுமதி மிக்க பிற பாகங்களைக் காக்கின்றது. ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். உருகி விரைவுடையது என்பதால் மட்டும் அது வெற்றி பெறுவதில்லை. அதனாற் காக்கப்படும் செப்புக் கம்பியும் மோட்டார்ச் சுருளும் வெப்பத்தை நெடுநேரம் தாங்கவல்லன என்பதாலேயே வெற்றி பெறுகின்றது. காக்கப்படும் பொருள் உருகியினும் மென்மையானதாயின் இக்காவல் பயன்படாது. குறைகடத்தி ஆளிகள் தோன்றியபோது நேர்ந்த இடர்ப்பாடு இதுவே.

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. அதன்பின் பத்தாண்டுகள் கழிந்து, பெரிய ஓட்டங்களை ஆளவல்ல தைரிசிற்றர் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் உருவாயிற்று. சென்னையிற் பிறந்து, அந்நகரிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1969இற் பட்டம் பெற்ற ஜயந்த் பலிகா, 1980களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஐ.ஜீ.பீ.ரீ. என வழங்கும் காவலிட்ட படலைத் திரான்சிற்றரை வளர்த்தெடுத்தார். இப்பணிக்காகவே 2024இல் பின்லாந்தின் மிலேனியம் தொழினுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. படலை எனப்படும் முனையிற் சிறிய அழுத்தமொன்றைக் கொடுத்தும் நீக்கியும் நூற்றுக்கணக்கான அம்பியர் ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் இதனால் இயலும். எனினும் தொடக்ககாலத்தில் இவ்வாளிக்கு ஒரு குறை இருந்தது. ஓட்டம் மிகுந்தால், உள்ளே மறைந்து கிடந்த தைரிசிற்றர் அமைப்பு விழித்துக்கொள்ளும்; பின்னர் படலையின் கட்டளைக்கு ஆளி பணியாது. 1984இல் ஜப்பானின் தொசிபா நிறுவனத்து அக்கியோ நக்ககாவாவும் உடனாய்வாளரும் இக்குறை நேராத அமைப்பை வெளியிட்டனர். பணிய மறுக்கும் ஆளியை எக்காவலும் காக்க இயலாதாகையால், காவற்கலையின் வளர்ச்சிக்கு இஃது இன்றியமையாத படியாயிற்று.

ஆபத்தின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 600 உவோற்று மின்முதலுடன் இணைந்த, 100 அம்பியர் தாங்கும் ஆளி ஒன்றைக் கொள்க. சுமையிற் குறுஞ்சுற்று நேர்ந்தால் ஓட்டம் 500 அம்பியர் வரை உயரக்கூடும். முழு அழுத்தமும் ஆளியின் மீதே விழும். அப்பொழுது சில்லினுள் வெப்பமாகும் வலு 300 கிலோவாற்று. பத்து மைக்கிரோசெக்கனில், அதாவது செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கில், 3 யூல் சக்தி அங்கே சேரும். மூன்று யூல் என்பது சிறு தொகையே. ஆயினும் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பும் 0.1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள சிலிக்கன் சில்லின் திணிவு ஏறக்குறைய 0.023 கிராமே. வெப்பம் வெளியே பரவ நேரமில்லாமையால் சில்லின் வெப்பநிலை ஏறக்குறைய 180 பாகை உயரும். முன்பே 125 பாகையில் இருந்த சில்லு 300 பாகையைக் கடந்துவிடும். மேலும் பத்து மைக்கிரோசெக்கன் கழியின் வெப்பநிலை 500 பாகையை அணுகும். அந்நிலையிற் சிலிக்கன் ஓட்டத்தைத் தடுக்கும் இயல்பை இழந்துவிடுவதால், படலையை மூடியும் பயனில்லை. உருகியோ அறுவதற்குப் பொதுவாக மில்லிசெக்கன்களை எடுக்கும். ஆகவே இத்தகைய சுற்றுக்களில் உருகி சில்லைக் காப்பதில்லை. சில்லு அழிந்தபின் பெட்டி வெடியாமலும் தீப்பற்றாமலும் காப்பதே அதன் பணி.

எனவே காவலன் ஆளியின் அருகிலேயே, பெரும்பாலும் படலையை இயக்கும் சில்லின் உள்ளேயே, அமர்த்தப்படுகின்றான். அவன் குற்றத்தை அறியும் முறை நுட்பமானது. நன்கு திறந்த ஆளியின் முனைகளுக்கிடையே ஏறக்குறைய 2 உவோற்று அழுத்தமே இருக்கும். குறுஞ்சுற்றில் அது விரைந்து ஏறும். அழுத்தம் 7 உவோற்று அளவைக் கடந்தாற் குற்றம் நேர்ந்தது எனக் கொள்ளப்படும். ஓட்டத்தை அளக்கத் தனிக்கருவி வேண்டாது, ஆளி படும் துன்பத்தையே அறிகுறியாகக் கொள்ளும் முறை இது. ஆனால் ஆளி திறக்கும் கணத்திலும் அழுத்தம் தாழ்வதற்குச் சிறிது நேரம் செல்லும். அதனைக் குற்றமெனக் கருதினால் இயந்திரம் ஒருபோதும் தொடங்காது. ஆதலாற் காவலன் முதல் ஓரிரு மைக்கிரோசெக்கன் கண்ணை மூடியிருக்குமாறு பணிக்கப்படுகின்றான். பத்து மைக்கிரோசெக்கன் தாங்கும் சிலிக்கன் ஆளிக்கு இவ்வவகாசம் போதும். சிலிக்கன் காபைட்டாலான புதிய ஆளிகளோ சிறிய சில்லுகளையுடையன. அவற்றுட் பல இரண்டு மூன்று மைக்கிரோசெக்கனுக்கு மேல் தாங்கா. அங்கே பொறுமைக்கும் விரைவுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது.

குற்றத்தைக் கண்டவுடன் ஆளியை இயன்ற விரைவில் மூடுவதே முறையெனத் தோன்றும். அதுவும் பிழையே. பத்துச் சென்ரிமீற்றர் நீளக் கம்பிக்கே ஏறக்குறைய 0.1 மைக்கிரோ ஹென்றி தூண்டுதிறன் உண்டு. 500 அம்பியர் ஓட்டத்தை 0.05 மைக்கிரோசெக்கனில் அறுத்தால், அக்கம்பியில் 1000 உவோற்று தூண்டப்படும். அது 600 உவோற்றுடன் கூடி, 1200 உவோற்று மட்டுமே தாங்கும் ஆளியைத் துளைத்துவிடும். வெப்பத்தினின்று தப்பிய சில்லு அழுத்தத்தால் மாளும். அதே ஓட்டத்தை ஒரு மைக்கிரோசெக்கன் நேரத்தில் மெல்லத் தாழ்த்தினால் தூண்டப்படுவது 50 உவோற்றே. எனவே குற்றவேளையிற் படலையின் அழுத்தம் வழமையினும் மெதுவாகவே இறக்கப்படுகின்றது. மிக நெருங்கிய ஆபத்தில் அளவறிந்து தாமதித்தலே காக்கின்றது.

வேறு காவல்களும் உள. படலைக்கு வேண்டிய அழுத்தம் குறையுமாயின் ஆளி அரைகுறையாகத் திறந்து வெந்துபோகும். அதனைத் தடுக்க, குறைந்த அழுத்தத்தில் ஆளி திறக்கப்படாது. ஒரே வழியில் மேலும் கீழுமாக நிற்கும் இரு ஆளிகளும் ஒருங்கே திறந்தால் மின்முதலே குறுஞ்சுற்றாகும்; அதனால் ஒன்று மூடி மற்றொன்று திறப்பதற்கிடையே சிறு ஓய்வுநேரம் வைக்கப்படுகின்றது. சில்லிற் பதித்த வெப்ப உணரி, பொதுவாக 150 முதல் 175 பாகையளவில் ஆளியை மூடும்.

மூடியபின் என் செய்வது என்பது இறுதி வினா. மோட்டார் வண்டியின் 55 உவாற்று விளக்கு 12 உவோற்றில் 5 அம்பியருக்குக் குறைவான ஓட்டமே பெறும். குளிர்ந்த இழையோ தொடக்கத்தில் அதன் பத்து மடங்கை இழுக்கும். இதனைக் குற்றமெனக் கொண்டு நிலையாக மூடிவிட்டால், இரவில் வண்டி ஒளியிழந்து நிற்கும். ஆகவே விளக்கு ஆளிகள் ஓட்டத்தை மட்டுப்படுத்தி, ஆறியபின் மீண்டும் முயலுமாறு அமைக்கப்படுகின்றன. பெருவலு மோட்டாரிலோ மீண்டும் மீண்டும் முயல்வது தீயை விளைக்கக்கூடும். அங்கே மூடியது மூடியவாறே இருக்க, குற்றச்செய்தி கட்டுப்படுத்தும் கணினிக்கு அனுப்பப்படுகின்றது. திசைதிருப்பிக்குத் துணைபுரியும் மோட்டார் ஓடும் வண்டியில் திடீரென நின்றால், சில்லு பிழைக்கும், ஓட்டுநர் இடருறுவார். ஆதலாற் சில்லு தன்னைக் காப்பதும் இயந்திரம் மனிதரைக் காப்பதும் ஒன்றல்ல.

சில்லின் காவல் மைக்கிரோசெக்கன்களில் முடிவுசெய்யும். ஆனால் எதனை எதற்காகக் காப்பது என்பதை அது அறியாது. அதனை ஆய்ந்து முன்கூட்டியே அமைத்து வைப்பது பொறியியலாளரின் கடன். உருகியைத் தெரிந்தெடுத்த நாளிலும் அக்கடன் இருந்தது. அன்று எண்ணிப்பார்க்க அவகாசம் இருந்தது. இன்று குற்றம் நேரும்போது எண்ண நேரமில்லையாதலால், எண்ணவேண்டிய யாவும் வரைபடத்திலேயே எண்ணி முடிக்கப்படல் வேண்டும்.