நேமெக்கின் பச்சை வானம்

1991 ஜூன் 19, புதன்கிழமை. ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் ‘டிராகன் போல் இசட்’ தொடரின் 95ஆவது அத்தியாயம் போகிறது. கதாநாயகன் கோகுவின் உற்ற நண்பன் கிரிலினை, ஃபிரீசா என்ற கொடியவன் அந்தரத்தில் தூக்கி வெடிக்கச் செய்கிறான். நேமெக் கிரகத்தின் பச்சை வானம் இருள்கிறது, மின்னல் வெட்டுகிறது. கோகுவின் கறுத்த முடி பொன்னிறமாகி, நட்டுக்கொண்டு எழுகிறது. ‘சுப்பர் சயன்’ என்ற வடிவம் அவனுக்கு முதன்முதலாக வாய்த்த கணம் அது. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களில் இந்தளவு பேசப்பட்ட காட்சிகள் மிகச் சிலவே.

இலங்கையின் வடக்கே இருக்கும் பளையில் அன்று இதைப் பார்க்க வழியே இருக்கவில்லை. போரால் 1990இல் ரயில் நின்றது, மின்சாரமும் நின்றது. அந்த அத்தியாயம் ஒளிபரப்பாகி மூன்று கிழமைகளில், ஜூலை 10ஆம் திகதி, பக்கத்து ஆனையிறவில் பெருஞ்சண்டை தொடங்கியது.

2014 மார்ச்சில் யாழ்தேவி ரயில் பளை வரை திரும்பி வந்தது. இன்று அந்த ஊரில் ஒரு வீட்டில் பெரிய ரீவியும் ஒழுங்காகத் தயாரித்த பிளூ-ரே தட்டொன்றும் இருந்தால், 1991இல் தோக்கியோப் பிள்ளை பார்த்ததைவிடத் தெளிவாக அதே அத்தியாயத்தைப் பார்க்கலாம். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட படம், வயது போகப் போக மங்காமல் தெளிந்திருக்கிறது. அது எப்படி என்பதையும், அந்தத் தெளிவுக்குள் எங்கே கோளாறு நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டால், பழைய தொடரொன்றைத் திரும்பப் பார்ப்பதன் சுவை இரட்டிப்பாகும்.

முதலில் கதை. அகிரா தொரியாமா 1984இல் ‘ஷோனன் ஜம்ப்’ வார இதழில் ‘டிராகன் போல்’ சித்திரக்கதையை வரையத் தொடங்கினார். பெடியன்களுக்கென்றே வெளியான இதழ் அது. சண்டை, நட்பு, விடாமுயற்சி, விழுந்தால் எழும்பி மறுபடி பயிற்சி என்று இவ்வகைக் கதைகளுக்கு ஒரு போக்கு உண்டு. ‘ஷோனன்’ என்று அவற்றைச் சொல்வார்கள். 1995 வரை 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். அதைத் தோஎய் நிறுவனம் தொலைக்காட்சிக்கு எடுத்தது. கோகுவின் சிறுவயதைச் சொல்லும் முதல் தொடர் 153 அத்தியாயங்கள். வளர்ந்த கோகுவின் ‘இசட்’ தொடர் 1989 ஏப்ரலிலிருந்து 1996 ஜனவரி வரை 291 அத்தியாயங்கள். பின்னால் வந்த ‘நருட்டோ’, ‘வன் பீஸ்’ எல்லாவற்றுக்கும் பாதை வெட்டியது இந்தத் தொடர்தான்.

தமிழ்ப் பிள்ளைகளிடம் அது பல வழிகளால் வந்து சேர்ந்தது. பிரான்சில் டி.எஃப்.1 அலைவரிசையின் ‘கிளப் டோரதே’ நிகழ்ச்சி 1988இலேயே டிராகன் போலைக் காட்டத் தொடங்கிவிட்டது. பாரிசில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கோகு பிரெஞ்சில்தான் பழக்கம். இந்தியாவில் கார்ட்டூன் நெட்வேர்க் அதைக் கொண்டுவந்தது. 2022இல் அதே அலைவரிசை ‘டிராகன் போல் சுப்பர்’ தொடரைத் தமிழிலும் பேசவைத்தது. அதே வருடம் சோனி யேய் அலைவரிசையில் நருட்டோவும் தமிழ் பேசினான். ஆக, பாரிசில் இருக்கும் மச்சான் நாற்பதைத் தாண்டியவர், பளையில் இருக்கும் மருமகனுக்குப் பத்து வயது. இரண்டு பேரும் ஒரே கோகுவைப் பற்றிக் கதைக்கலாம். ஒரே குடும்பத்தில் இப்படிப் பொதுவாகக் கதைக்க ஒரு கதை கிடைப்பது சின்ன விஷயமல்ல.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் படம் என்றால் நெடுங்காலம் டெக்கும் வீடியோக் கொப்பியும்தான். பிறகு வீசீடி வந்தது. வீசீடியில் ஒரு படச்சட்டம் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள், மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம். பிளூ-ரேயின் முழு உயர்தெளிவுப் படச்சட்டத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது இருபது லட்சத்துக்கு மேல். வேகமான சண்டைக் காட்சியில் வீசீடிப் படம் கட்டம் கட்டமாக உடைந்து போனதை அந்தக் காலத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். கோகுவும் அவன் போட்டியாளன் வெஜீட்டாவும் மோதும் இடத்தில் இரண்டு நிறக் கட்டிகள் மோதுவதுபோலத்தான் தெரியும்.

இனி முக்கியமான இடம். அந்த இருபது லட்சம் புள்ளிகளையும் நிரப்ப 1989ஆம் ஆண்டுப் படத்தில் விபரம் எங்கே இருந்தது?

அது பிலிமில் இருந்தது. அந்தக் காலத்தில் ஓவியர் தாளில் வரைந்த உருவத்தை ஒளி ஊடுருவும் மெல்லிய தாளுக்கு மாற்றி, பின்புறத்தில் நிறம் பூசுவார்கள். ‘செல்’ என்பது அதற்குப் பெயர். போஸ்டர் வர்ணத்தில் தீட்டிய பின்னணி ஓவியத்தின்மேல் செல்லை வைத்து, மேலிருந்து கமராவால் ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடிப்பார்கள். செக்கனுக்கு 24 சட்டங்கள். செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு வைத்திருப்பது வழக்கம் என்பதால், செக்கனுக்கு எட்டு ஓவியங்கள் போதும். டிராகன் போல் இசட் இப்படி 16 மில்லிமீற்றர் பிலிமில் எடுக்கப்பட்டது. ஓவியர் கையின் கோடு, தூரிகையின் தடம், நிறத்தின் அடுக்கு எல்லாம் பிலிமில் பதிந்தன. ஆனால் அன்றைய ஒளிபரப்பும் அன்றைய கண்ணாடிக்குழாய் ரீவியும் அதில் ஒரு பங்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தன. மிச்சம் பிலிம் பெட்டியிலேயே கிடந்தது. பிலிமைப் புதிதாக ஸ்கான் செய்தபோது அந்த மிச்சம் வெளியே வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2002இல் தொடங்கிய நருட்டோ, டிராகன் போல் இசட்டுக்குப் பல வருடம் இளையது. ஆனால் உயர்தெளிவில் பார்த்தால் பழையதுதான் கூர்மை. காரணம், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜப்பானியக் கலையகங்கள் செல்லைக் கைவிட்டுக் கணினியில் நிறம் பூசத் தொடங்கின. அன்றைய ரீவிக்குப் போதுமான சிறிய அளவிலேயே அந்தப் படங்களைச் செய்து முடித்தார்கள். அந்த அளவுக்கு மேல் அவற்றில் விபரமே இல்லை. பிளூ-ரேயில் போட்டால் பெருப்பித்துக் காட்டலாம், இல்லாததைக் கொண்டுவர முடியாது. செல்லை விடாமல் கடைசிவரை வைத்திருந்தது ‘சஸாயே-சான்’ என்ற குடும்பத் தொடர். அதுவும் 2013இல் விட்டுவிட்டது.

திரும்பவும் 95ஆவது அத்தியாயத்துக்கு வருவோம். நல்ல தட்டொன்றில் கோகு மாறும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவனைச் சூழும் பொன் ஒளி ஒரே மஞ்சள் அல்ல. ஓரத்தில் மென்மையாகக் கரைகிறது, நடுவில் வெளிறுகிறது. நேமெக்கின் பாறைகளில் தூரிகை உலர்ந்து இழுபட்ட வரிகள் தெரிகின்றன. புருவத்தின் கறுப்புக்கோடு ஒரு சட்டத்தில் தடிப்பு, அடுத்த ஓவியத்தில் மெல்லிசு. சில இடங்களில் செல்லில் ஒட்டிய தூசுப் பொட்டொன்று மூன்று சட்டங்களுக்கு நின்று மறைகிறது. இதெல்லாம் பிழையல்ல. ஒவ்வொரு கிழமையும் புது அத்தியாயம் கொடுக்க இராப்பகலாக வேலை செய்த மனிதர்களின் கைவேலை அது. வீசீடியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கை தெரியாமலே போனது.

துக்கம் என்னவென்றால், உயர்தெளிவில் வந்த பல பதிப்புகள் அந்தக் கையை மதிக்கவில்லை. பிலிமுக்கு இயல்பாகவே மணல் தூவியதுபோன்ற ஒரு துகள் உண்டு. புதிய ரீவியில் அது ‘அழுக்கு’ என்று நினைத்து, கணினியால் வழித்துத் துடைப்பார்கள். துகளோடு சேர்ந்து மெல்லிய கோடுகளும் போய்விடும். முகங்கள் மெழுகு பூசினதுபோல வழுவழுக்கும், பின்னணி ஓவியம் நீர் ஊறியதுபோலக் கலங்கும். துடைத்த படம் முதல் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். பத்து நிமிடம் பார்த்தால் உயிரில்லாதது தெரியும்.

அடுத்தது வெட்டு. டிராகன் போல் இசட் 4:3 என்ற, கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்கு வரையப்பட்டது. இன்றைய ரீவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்று பயந்து, படத்தின் மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்குப் பொருத்துகிறார்கள். கணக்குப் பார்த்தால் படத்தில் கால்வாசி போய்விடுகிறது. சுப்பர் சயனின் நட்டுக்கொண்டு நிற்கும் முடியின் நுனி சட்டத்துக்கு வெளியே போனால் அந்தக் காட்சியில் மிஞ்சுவது என்ன?

அமெரிக்காவில் இத்தொடரின் உரிமையை வைத்திருந்த ஃபனிமேஷன் நிறுவனத்தின் பதிப்புகளே இதற்கு நல்ல சாட்சி. 2007இல் அவர்கள் வெளியிட்ட டீவீடித் தொகுதிகள் அகலத் திரைக்கு வெட்டப்பட்டவை. ரசிகர்கள் கண்டித்தார்கள். 2011 கடைசியில் ‘லெவல்’ என்ற பெயரில் பிளூ-ரே வந்தது. தம்மிடமிருந்த பிலிமை ஸ்கான் செய்து, ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்து, 4:3 வடிவத்தை விடாமல், துகளையும் விட்டுவைத்துச் செய்த வேலை அது. பார்த்தவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் செலவு தாங்கவில்லை. 2012 தொடக்கத்திலேயே, முப்பத்துச் சொச்சம் அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த பருவத் தொகுதிகள் மறுபடியும் வெட்டு, மறுபடியும் துடைப்பு. 2019இல் முப்பதாவது ஆண்டுப் பதிப்பு, ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் சேர்த்து வந்தது. வடிவம் 4:3 ஆனது, துடைப்பு நிற்கவில்லை. மிக நல்ல பதிப்பு முடியாமல் நின்றதும், சுமாரானது முழுதாகக் கிடைப்பதும் இந்தத் தொடருக்கு நேர்ந்த பெரிய குறை.

ஜப்பானில் தோஎய் வேறு வழி எடுத்தது. இருபதாவது ஆண்டை ஒட்டி 2009இல் ‘டிராகன் போல் கை’ என்று தொடரையே திருத்திக் கொடுத்தது. சித்திரக்கதையில் இல்லாத நீட்டல்களை அகற்றியதால், செல் என்ற எதிரியின் கதை முடியும்வரை 194 அத்தியாயங்களாக இருந்தது 98 ஆகச் சுருங்கியது. ஐந்து நிமிடத்தில் கிரகம் வெடிக்கும் என்று ஃபிரீசா சொல்லி, பழைய தொடரில் கிட்டத்தட்டப் பத்து அத்தியாயங்களுக்கு இழுபடுமே, அந்த அலுப்பு இதில் இல்லை. முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு இது வசதி. ஆனால் கோகுவும் அவன் தோழன் பிக்கோலோவும் வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் அத்தியாயம் போன்றவையும் நீட்டல் என்ற பெயரில் போயின. உலகைக் காப்பாற்றியவர்கள் வாகனம் ஓட்டப் பழக முடியாமல் திணறுவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது இழப்புத்தான்.

ஒலியின் கதை படத்தைவிடச் சிக்கல். ஷுன்சுகே கிகுச்சியின் இசையும், கோகுவாகவும் அவன் மகன்மாராகவும் பேசிய மசாகோ நொசாவாவின் குரலும் ஒளிபரப்பில் தெளிவாகக் கேட்டன. பிற்காலத் தட்டுகளுக்குக் கிடைத்ததோ பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்த மங்கலான ஒலி. அன்று வீட்டு டெக்கில் ஒளிபரப்பைப் பதிவுசெய்து வைத்த ஜப்பானிய ரசிகர்களின் பழைய கசெட்டுகளில் ஒலி அதைவிட நன்றாக இருந்தது. படத்தைக் காத்தது நிறுவனத்தின் பெட்டகம், ஒலியைக் காத்தது சாதாரண வீடுகள்.

பழைய ஓவியப் படமொன்று மீண்டு வருவது தமிழுக்கும் புதிதல்ல. யூகோ சாகோவின் முயற்சியில், ராம் மோகன் முதலான இந்தியக் கலைஞர்களும் சேர்ந்து எடுத்த ‘ராமாயணா: த லெஜெண்ட் ஒஃப் பிரின்ஸ் ராமா’ 1993இல் திரைக்கு வந்தது. அதை 4கே தெளிவில் புதுப்பித்து 2025 ஜனவரி 24ஆம் திகதி இந்தியத் திரையரங்குகளில் வெளியிட்டபோது தமிழ்க் குரலோடும் வந்தது. முப்பது வருடப் பழைய செல்லோவியத்தைத் தமிழில் பெரிய திரையில் பார்க்கச் சனம் இருக்கிறது என்றால், இசட் தொடரை 4:3 வடிவத்தில், துகள் கெடாமல், தமிழ்க் குரலோடு முழுமையாகத் தட்டில் தர உரிமையாளர்கள் முன்வரலாம். தொரியாமா 2024 மார்ச் 1ஆம் திகதி, 68ஆவது வயதில் காலமானார். அவரது வேலைக்குச் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை அதுதான்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் உறவினரிடம் தட்டு கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளூ-ரேக்கு வலயம் உண்டு. கனடாவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, இலங்கையும் இந்தியாவும் சி. வலயப் பூட்டுப் போட்ட தட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. வலயப் பூட்டு இல்லாத தட்டா என்று உறையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தட்டைப் போட்டதும் ரீவியின் அமைப்பில் பட அளவை 16:9 ஆகவே விடுங்கள், பெருப்பித்து அகலப்படுத்த வேண்டாம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் துகள் நீக்கும் வசதியையும் நிறுத்துங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் தெரியட்டும், படம் முழுதாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.