மல்லித் தண்ணீர் குடியுங்கள், காய்ச்சல் நாளையும் எண்ணுங்கள்

வலப்பனைப் பக்கம் மழை தொடங்கிவிட்டால் எங்கள் வீடுகளில் மல்லியும் இஞ்சியும் அடுப்பில் ஏறிவிடும். தடிமன், தொண்டை நோவு, உடம்பு உளைச்சல் எதுவென்றாலும் முதல் மருந்து கொத்தமல்லித் தண்ணீர்தான். அயலிலுள்ள தமிழ், சிங்கள வீடுகளிலும் இதே வழக்கம். மல்லி, இஞ்சியோடு வெனிவெல், பற்பாடகம், கண்டங்கத்தரி சேர்ந்த ‘பஸ்பங்குவ’ கடைகளில் பக்கற்றாகவே கிடைக்கிறது.

எங்கள் வீட்டு முறை இதுதான்: ஒரு கைப்பிடி மல்லியை மணம் வரும்வரை இலேசாக வறுத்து, தட்டிய இஞ்சியுடன் நான்கு கோப்பை தண்ணீரில் மூடி அவிப்போம். பாதியாக வற்றியதும் வடித்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடிப்போம். சீனி வியாதி உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்ப்பது நல்லது. கித்துளும் சீனியை ஏற்றும்.

இதில் பலன் இல்லாமல் இல்லை. சூடான நீர் தொண்டைக்கு இதம் தருகிறது, சளியை இளக்குகிறது. காய்ச்சலில் வற்றும் உடம்புக்கு நீர் சேர்கிறது. சாதாரண தடிமன் சில நாளில் தானாகவே மாறும். அதுவரை தாங்க இது போதும். நானும் குடிக்கிறேன்.

ஆனால் எல்லாக் காய்ச்சலும் தடிமன் காய்ச்சல் அல்ல. வயலில் இறங்கியவருக்கு வருவது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் அதன் அடையாளங்கள். காலதாமதமானால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படும். கொழும்பு, கண்டி சென்று திரும்பியவருக்கு வருவது டெங்காகவும் இருக்கலாம். இவை இரண்டையும் மல்லித் தண்ணீர் குணப்படுத்தாது. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கென்று ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் சனம் திரண்டதை நாடே பார்த்தது. நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு.

ஆகவே காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயலுக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை பரசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். டெங்கு என்றால் அஸ்பிரின், இபுபுரொஃபென் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர மல்லித் தண்ணீரும் வேண்டாம். வயல் வேலைக்கு இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிச் சொல்வார்.

மூத்தவர்கள் தந்த மல்லித் தண்ணீரை விட வேண்டியதில்லை. அது வைத்தியரிடம் போகும் நேரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.