கசியும் கலம்

தேனியிலிருந்து தென்மேற்காகக் கூடலூர் வரை, ஒருபுறம் ஏலமலையும் மறுபுறம் மேகமலைத் தொடரும் காவலாக நிற்க, நடுவே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழிக்கும் நிலம் அது. அங்கிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய ஊர்களின் வழியே மலைப்பாதைகள் ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. விடியுமுன்பே அப்பாதைகளில் மோட்டார் சைக்கிள்களின் ஒலி கேட்கும். பால் கறந்து கொண்டு செல்வோரும், தோட்டவேலைக்குப் போவோரும், வாழைத்தாரைப் பின்னே கட்டிக்கொண்டு சந்தைக்கு விரைவோரும் அவ்வண்டிகளையே நம்பி வாழ்கின்றனர். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கிய நாளில், அது சிலர்க்கே உரிய பொருளாய் இருந்தது. இன்று ஏரைப்போல் இன்றியமையாததாயிற்று.

இவ்வண்டியில் ஓட்டுவோனின் முழங்கால்களுக்கிடையே அமைந்திருப்பது பெட்ரோல் தொட்டி. தொழிலாளர் அதனை ‘டேங்க்’ என்பர். மெல்லிய இரும்புத் தகடுகளை வளைத்து விளிம்போடு விளிம்பு பற்றவைத்துச் செய்யப்பட்ட கலம் அது. வண்டியின் முதுகெலும்பாகிய குழாயின்மேல் குதிரைச் சேணம்போல் அமர்வதால், அதன் அடிப்பகுதி இருபுறமும் இரண்டு பள்ளங்களாகத் தாழ்ந்திருக்கும். அப்பள்ளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவற்றிற்கு மீண்டும் வருவோம்.

தொட்டியினின்று பெட்ரோல் வெளிப்படுவதைக் குறிக்க நம் மொழியில் சொற்கள் பல உண்டு. ஈரம் படர்ந்து தோன்றினால் கசிவு. துளி துளியாய் வீழ்ந்தால் சொட்டு. இடையறாது வழிந்தால் ஒழுக்கு. (‘ஒழுக்கம்’ என்னும் உயர்ந்த சொல்லும் ‘ஒழுகு’ என்னும் இவ்வடியிற் பிறந்ததே. நீரைப்போல் ஒரே நெறியில் இடையறாது செல்லுதல் என்பது அதன் உட்பொருள்.) பட்டறைக்குச் செல்வோன் இம்மூன்றனுள் எது என்று தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடியும். கசிவு பெரும்பாலும் ஊசிமுனைத் துளையையோ மயிரிழை வெடிப்பையோ காட்டும். ஒழுக்காயின் குழாய் கழன்றதோ, திருகு கெட்டதோ என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

எல்லா ஈரமும் ஓட்டையால் வருவதன்று. போடிமெட்டின் குளிரில் காலையில் தொட்டியை வாய்வரை நிரப்பிக்கொண்டு ஒருவன் போடிநாயக்கனூர்க்கு இறங்குகிறான் என்க. அங்கே வெயிலில் வண்டியை நிறுத்துகிறான். வெப்பம் ஒரு பாகை ஏறும்தோறும் பெட்ரோல் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரியும். 12 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 15 பாகை வெப்பம் ஏறினால், ஏறத்தாழ 180 மில்லி லிட்டர், அதாவது ஒரு பெரிய குவளையளவு, மிகுதியாகும். அது மூடியின் வழியே வழியாமல் வேறெங்கே போகும்? இதற்கு மருந்து பட்டறையில் இல்லை. நிரப்பும்போது மேலே சிறிது இடம் விடுதலே மருந்து.

அடுத்த சோதனையும் எளியதே. பழைய வண்டிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்கிக் கார்புரேட்டரை அடையும். இடையே ஒரு திருகுகுழாய் இருக்கும். அதனை மூடியபின் சொட்டு நின்றால் குற்றம் அதற்குக் கீழே உள்ளது. ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். கார்புரேட்டரினுள் மிதவையோடு இயங்கும் ஊசியடைப்பான் அழுக்கேறி மூடாதிருக்கலாம். மூடியும் நில்லாவிடில் தொட்டியையோ திருகுகுழாயையோ ஐயுறலாம். 2020-ஆம் ஆண்டிற்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை தொட்டியினுள்ளேயே சிறு பம்பு பொருத்தப்பட்டவை. அவற்றில் இத்திருகு இராது. பம்பு பொருந்தும் வாயிலுள்ள ரப்பர் வளையத்தையே அவற்றில் முதலில் காண வேண்டும்.

இனி, துளை காணும் முறை. நம் பள்ளத்தாக்கின் உழவர் இதை நன்கறிவர். வயல்வரப்பில் நண்டு வளை தோண்டினால் நீர் மேல்வயலினின்று கீழ்வயலுக்குக் களவாகப் போகும். நீர் வெளிப்படும் இடத்தில் மண்ணை அப்புபவன் ஏமாறுவான்; அது மற்றோரிடத்தில் வெளிப்படும். பட்டறிவுடையவன் மேல்வயலில் சேற்றைக் கலக்கி, கலங்கல் எவ்வழியே இழுக்கப்படுகிறது என்று பார்த்து, வளையின் வாயையே அடைப்பான். தொட்டியிலும் அவ்வாறே. துளி வீழும் இடம் வேறு, துளை வேறு. மேலே மூடியருகே கசிந்த பெட்ரோல் தகட்டின் வளைவைப் பற்றி ஓடித் தாழ்ந்த விளிம்பில் வந்து சொட்டும். ஆதலின் தொட்டியின் புறத்தை நன்கு துடைத்து உலர்த்தி, வகுப்பறைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து ஐயமுள்ள இடமெங்கும் பூசுவர். சிறிது நேரத்தில் வெண்மையின் நடுவே ஈரக்கறை ஒன்று தோன்றும். அது தோன்றத் தொடங்கும் முதற்புள்ளியே துளை. கறை பரந்தபின் பார்த்தால் பயனில்லை. அருகிருந்து காத்தல் வேண்டும்.

என் வண்டியே இதற்குச் சான்று. பணி ஓய்வுக்குப் பின் அது இரண்டு மழைக்காலம், பாதி பெட்ரோலோடு, தாழ்வாரத்தில் நின்றது. பின்னர் ஓட்டத் தொடங்கியபோது இடப்பக்கப் பள்ளத்தில் கசிவு கண்டது. ஒரு பட்டறையில் புறத்தே பசைமருந்து பூசிக் கொடுத்தனர். இரண்டு திங்கள் தாங்கிற்று. பின் ஒரு விரற்கடை தள்ளி மீண்டும் கசிந்தது. கம்பத்தில் முதிய தொழிலாளர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் தொட்டியைக் கழற்றி, அடியில் கிடந்ததைக் கண்ணாடிப் புட்டியில் வடித்துக் காட்டினார். மேலே தெளிந்த பெட்ரோல்; கீழே பழுப்பு நிறத்தில் நீர்; அதன் அடியில் துருமணல். “ஐயா, ஓட்டை வெளியிலிருந்து விழல, உள்ளேயிருந்து தின்னுக்கிட்டு வந்திருக்கு” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தொட்டி பகலில் சூடேறிக் காற்றை வெளிவிடும். இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அந்த ஈரம் தகட்டில் நீராய்ப் படிந்து, பெட்ரோலினும் கனமானதாகலின் அடியிலுள்ள பள்ளங்களில் தங்கும். இரும்பு அங்கே துருவேறும். இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. அது நீரை ஈர்க்கும் இயல்பினது. நீர் அளவு மிஞ்சினால் அந்நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பழைய ரப்பர் வளையங்களையும் அது கெடுப்பதுண்டு. நெடுநாள் நிற்கப்போகும் வண்டியின் தொட்டி பாதியாய் இருத்தல் தீது. நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் குறையும். துருத்துகள் குழாயையும் அடைக்கும். 1888-ஆம் ஆண்டில் செர்மனி நாட்டில் பெர்த்தா பென்சு அம்மையார் தம் கணவர் செய்த மூவுருளி வண்டியில் மன்கைமிலிருந்து நெடும்பயணம் சென்றபோது, வழியில் அடைபட்ட எரிபொருட் குழாயைத் தம் தொப்பியூசியால் குத்திச் சீர்செய்தார் என்பர். அடைப்பும் கசிவும் உந்துவண்டியோடு உடன்பிறந்த நோய்கள் போலும்!

மலைவழியில் கசிவு கண்டால் துவைக்கும் சவர்க்காரக் கட்டியைத் துளையின்மேல் அழுந்தத் தேய்ப்பர். சவர்க்காரம் பெட்ரோலில் எளிதிற் கரையாது; ஆதலின் பட்டறைவரை தாங்கும். ஆனால் எஞ்சின் சுட்டபடி கீழே இருக்க, மேலே பெட்ரோல் சொட்டும் வண்டியை ஓட்டுதல் அறியாமை. ஒழுக்காயின் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நிலையாகத் துளையை மூட வேண்டின் தகட்டைச் சூடாக்கிப் பற்றவைக்க வேண்டும். இங்குதான் உயிரச்சம் உள்ளது. பெட்ரோல் நிறைந்த தொட்டியே இடர் மிக்கது, வெறுந்தொட்டி தீங்கற்றது என்று பலர் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று. எரிவது நீர்மமன்று; அதன் ஆவி. அந்த ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டிற்கும் 7.6 விழுக்காட்டிற்கும் இடைப்பட்டிருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். 12 லிட்டர்த் தொட்டியினுள் அந்நிலையை உண்டாக்க அரைத் தேக்கரண்டிப் பெட்ரோல் போதும். வடித்துக் கவிழ்த்தபின்னும் துருவின் இடுக்குகளில் அவ்வளவு தங்காதா? நெருப்பின் சூடு படும்போது அது வெளிப்படும். மூடிய இரும்புக் கலத்தினுள் வெடித்தால் தகடே வெடிகுண்டின் சில்லாகும். உள்ளே பார்க்கத் தீக்குச்சி கிழித்தவரும் உண்டு. இவ்வேலை பயிற்சியுடையார்க்கே உரியது. மாணவர் அருகிலும் நிற்றலாகாது.

அம்முதியவர் செய்ததைக் கூறுகிறேன். முதலில் வெட்டவெளியில் தொட்டியை வடித்தார். சவர்க்காரம் கரைத்த சுடுநீரைப் பன்முறை ஊற்றிக் குலுக்கிக் கழுவினார். மணம் அறவே அற்ற பின்னும் நம்பவில்லை. மூடியை இறுக்கித் தொட்டியைத் தலைகீழாக வைத்தார். துளை மேலே வந்தது. அடியிலிருந்த திருகுகுழாயின் வாயும் இப்போது மேலே நோக்கிற்று. அதன் வழியே நீரை ஊற்றித் துளைக்கு ஒரு விரற்கடை கீழ்வரை நிரப்பினார். ஆவி தங்க இடமே இல்லை. உண்டாகும் நீராவி வெளியேற அவ்வாய் திறந்தே இருந்தது. பின்னர்த் துளையைச் சுற்றிலும் ஊசியால் அழுத்திப் பார்த்தார். தகடு நெகிழ்ந்த இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்தார். ஊசித்துளையாய்த் தோன்றியது காற்பணமளவு ஆயிற்று! நோயின் எல்லை அதுவே என்றும், நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை போகாமல் ஒட்டினால் முன்போலவே ஆகும் என்றும் விளக்கினார். அளவாக வெட்டிய தகட்டுத் துண்டை வைத்துப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தார். சிறு துளைக்கு நவச்சாரமும் ஈயப்பற்றும் போதுமாம்; அப்பற்று 190 பாகை அளவிலேயே உருகும், பித்தளைக்கோ ஏறத்தாழ 900 பாகை வேண்டும். சூடு குறைவு என்பதால் கழுவுதலைக் குறைத்தலாகாது என்றும் அவர் சொன்னார்.

ஆறியபின் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மிக மெல்லக் காற்றேற்றி, டியூபைச் சோதிப்பதுபோல் நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். குமிழி ஒன்றும் எழவில்லை. அதன்பின் உள்ளேயிருந்த துருவை நீக்கி, வெயிலில் உலர்த்தி, ஒரு லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி, ஒட்டின்மேல் சுண்ணப்பொடி பூசி, திறந்த முற்றத்தில் ஓர் இரவு வைத்தார். மறுநாள் காலையில் பொடி வெளுத்தபடியே இருந்தது.