கலூருக்கு வரும் புதிய ஆட்டக்காரரை எடைபோடுவது எப்படி?

கொச்சியில் குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டையின் மேல் உள்ள பிரியம் நாம் எல்லோரும் அறிந்ததே. கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் நாளில் பெரியவர்களும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கதைதான். வெளிநாட்டிலிருந்தோ வேறு அணியிலிருந்தோ புதியவர் ஒருவர் ஒப்பந்தமாகிறார் என்றால், "இவ்வளவு கோல் போட்டவராம், இனி கவலை இல்லை" என்று தலைமேல் தூக்கி வைக்கிறோம். அணி நாலு ஆட்டம் தோற்றதும் அதே ஆளைக் கண்டபடி ஏசுகிறோம். இரண்டுமே தவறு. புதியவரை எடைபோட ஒரு முறை உண்டு. அதை 2024-ல் வந்த நோவா சதாவியை வைத்து விளக்குகிறேன்.

முதலில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்ற சொல். ஓர் அணியுடன் செய்த ஒப்பந்தம் முடிந்து, வேறு எந்த அணியுடனும் சேரும் உரிமை பெற்ற ஆட்டக்காரரை இப்படிச் சொல்வார்கள். அவரை எடுக்கும் அணி பழைய அணிக்கு மாற்றுத் தொகை கொடுக்க வேண்டியதில்லை. இந்த உரிமை சும்மா வரவில்லை. ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணி பணம் கேட்டு ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்மன் என்ற ஆட்டக்காரர் வழக்குத் தொடுத்து, 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அமெரிக்கக் கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற புகழ்பெற்ற கார்டு ஆட்டக்காரர் 1970-லேயே இதேபோல் ஒரு வழக்குத் தொடுத்தார். அது 1976-ல் சமரசத்தில் முடிந்து, அங்கே வழி திறந்தது.

மாற்றுத் தொகை இல்லை என்பதால் ஆள் இலவசமாக வருகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளம் உண்டு. அதைவிட முக்கியம், ஓர் அணி சேர்க்கக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒருவருக்குக் கொடுத்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்காத இடம்.

மொரோக்கோ நாட்டவரான நோவா, கோவா அணியில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். எல்லாப் போட்டிகளும் சேர்த்து 54 ஆட்டங்களில் 29 கோல். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கும் சற்று மேல். ஒப்பந்தம் முடிந்ததும் 2024 ஜூலையில், முப்பது வயதில், பிளாஸ்டர்ஸில் சேர்ந்தார். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று கேள்விகள் கேட்டிருக்க வேண்டும்.

முதல் கேள்வி: கோல்கள் யாருக்கு எதிராக வந்தன? வந்த அடுத்த மாதமே டூரண்ட் கோப்பையில் நோவா 6 கோல் போட்டு, அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசை வென்றார். ஊரே கொண்டாடியது. பிரித்துப் பார்த்தால் அந்த ஆறும் இரண்டே ஆட்டங்களில் வந்தவை. ஒன்று, முதன்மை ஆட்டக்காரர்கள் இல்லாமல் இரண்டாம் நிலை அணியை அனுப்பியிருந்த மும்பை சிட்டிக்கு எதிராக 8-0. மற்றொன்று, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அணிக்கு எதிராக 7-0. பஞ்சாபுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்திலும், கால் இறுதியில் பெங்களூருவிடம் 0-1 என்று தோற்ற ஆட்டத்திலும் அவர் கோல் போடவில்லை. மொத்தத்தைப் பார்த்து மயங்காமல், சமபலமுள்ள அணிக்கு எதிரான கணக்கைத் தனியே எடுக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: யாருடைய இடத்துக்கு வருகிறார்? அதே கோடையில் பிளாஸ்டர்ஸை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவர் கிரேக்க நாட்டு டயமண்டகோஸ். 2023-24 ஐ.எஸ்.எல். போட்டியில் 13 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியவர். அவர் கோல் முகத்தில் நின்று முடிக்கும் நடு முன்னணி ஆட்டக்காரர். நோவாவோ இடது ஓரத்திலிருந்து பந்தை வெட்டிக்கொண்டு உள்ளே வருபவர். கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒருவருக்கு ஈடாக மற்றவர் என்று தோன்றும். செய்யும் வேலை வேறு. ரயில்வேயில் இருந்தவன் என்பதால் எனக்கு இது எளிதில் விளங்கும். சமதளத்தில் தனியாக இழுக்கும் அதே எஞ்சினுக்குச் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ள வேண்டும். எஞ்சின் மாறவில்லை, பாதைதான் மாறியது. தங்கக் காலணி வாங்கிய டயமண்டகோஸும் கொல்கத்தா போன பிறகு பழைய அளவுக்குக் கோல் போடவில்லை என்பதைச் சேர்த்து யோசியுங்கள்.

மூன்றாம் கேள்வி: அணியில் ஓட்டை எங்கே? இதைத்தான் நாம் கேட்பதே இல்லை. 2023-24-ல் பிளாஸ்டர்ஸ் 22 லீக் ஆட்டங்களில் 32 கோல் போட்டு 31 வாங்கியது, ஐந்தாம் இடம். 2024-25-ல் 24 ஆட்டங்களில் 33 போட்டு 37 வாங்கியது, எட்டாம் இடம். போட்ட கோல் ஆட்டத்துக்கு 1.45-லிருந்து 1.38 ஆனது. பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கிய கோலோ 1.41-லிருந்து 1.54 ஆக ஏறியது. தொட்டியின் அடியில் கசிவு இருக்க, மேலே இன்னொரு குழாயைத் திறந்து என்ன பயன்?

அப்படியானால் நோவாவை எடுத்தது தவறா? அல்ல. 2024 செப்டம்பரில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கலூரில் அணி பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. 2025 ஜனவரியில் ஒடிசாவை 3-2 என்று வென்ற ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலைப் போட்டவரும் அவரே. காயத்தால் சில ஆட்டங்கள் இறங்காமலும் அந்த லீகில் 7 கோல் போட்டார். அவர் தம் பங்கைச் செய்தார். அணி எட்டாம் இடத்துக்குப் போனதற்கு அவர் ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. பாதி ஆண்டில் பயிற்சியாளரே மாற்றப்பட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு கார்டு எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை முறை கூடையை நோக்கி எறிந்து அதை எடுத்தார், எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார், எதிரணிக் கார்டைத் தடுத்தாரா, அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி முன்னேறியதா பின்தங்கியதா என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்.

வேலைக்காக ஊர் விட்டு வந்த நாம் எல்லோருமே ஒரு காலத்தில் புதிதாக வந்து சேர்ந்தவர்கள்தாம். புது மொழி, புது மேலாளர், பழகாத வேலைமுறை என்று முதல் ஆண்டில் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த அவகாசத்தைப் புதிய ஆட்டக்காரருக்கும் கொடுப்போம். அடுத்த முறை வீட்டில் வாதம் எழும்போது, "எத்தனை கோல்?" என்று கேட்கும் பிள்ளையிடம், "யாருக்கு எதிராக, யாருடைய இடத்தில், எந்த ஓட்டையை அடைக்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கணக்கும் வரும், நிதானமும் வரும்.