கற்கண்டு நூலும் சிறுநீரகக் கல்லும்

கற்கண்டு எப்படி உண்டாகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரையைக் காய்ச்சிக் கெட்டிப் பாகாக்கி, அதில் நூலைக் கட்டி, அசையாமல் சில நாட்கள் வைத்துவிடுவார்கள். நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் வளரும். பாகு நீர்த்துப் போயிருந்தால் நூல் இருந்தும் பயனில்லை. செறிவான கரைசல், பற்றிக்கொள்ள ஓர் இடம் ஆகிய இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. கழிவு உப்புகள் எல்லாம் இந்தச் சிறிதளவு நீரில்தான் கரைந்து நிற்கவேண்டும். நீர் மேலும் குறைந்தால் கால்சியமும் ஆக்சலேட்டும் இணைந்து படிகமாகின்றன. சிறுநீரகக் கற்களில் மிகுதியானவை இந்தக் கால்சியம் ஆக்சலேட் கற்களே.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்தையும், அதை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி இது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. நாள் முழுவதும் வியர்வை சிந்தி உழைப்பவரின் உடல், நீரை மிச்சப்படுத்தச் சிறுநீரைக் குறைத்துவிடுகிறது. பாகு கெட்டிப்படுகிறது!

'உப்புத் தண்ணீர் குடித்தால் கல் வரும்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாலாற்றங்கரையில் தோல் கழிவால் கெட்டுப்போன நிலத்தடி நீர் குடிக்கத் தகாததுதான். ஆனால் கடின நீர்தான் கல்லுக்குக் காரணம் என்பது உறுதிப்படவில்லை. தண்ணீர் உவர்க்கிறதே என்று குறைவாகக் குடிப்பதுதான் பெரிய ஆபத்து. பள்ளிக் கழிவறைக்குப் பயந்து மாலைவரை தண்ணீரே குடிக்காத மாணவிகளும் இதைக் கவனிக்கவேண்டும். பாலை நிறுத்துவதும் தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். குறைக்கவேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பை.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளமும் 3, 4 மி.மீ. அகலமும் உடையது. அதில் கல் சிக்கினால், தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தை உப்பச் செய்கிறது. குழாயின் தசைகளும் கல்லைத் தள்ள முயன்று இறுகுகின்றன. விலாவில் தொடங்கி அடிவயிறுவரை பாயும் அந்த வலியில் மனிதர் துடித்துப்போவார். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். பெரிய கற்களை உடைக்கவேண்டும். 1980-இல் மியூனிக் நகரில், உடலைக் கீறாமல் அதிர்ச்சி அலைகளாலேயே கல்லை நொறுக்கிக் காட்டினார்கள். அந்தக் கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி! இன்று லேசர் கதிராலும் உடைக்கிறார்கள்.

கல்லை உடைத்த பின்போ, அடைப்பை உடனே நீக்கவோ, குழாய்க்குள் 'ஸ்டென்ட்' என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றை டாக்டர்கள் வைப்பதுண்டு. இரு முனைகளும் தூண்டில்போல் வளைந்திருப்பதால் அது மேலும் கீழும் நழுவாது. இந்த வடிவத்தை 1978-இல் விளக்கியவர் ராய் ஃபின்னி என்ற அமெரிக்க டாக்டர்.

கல் போயும் வேதனை போகவில்லையே என்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் அலுத்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. குழலின் கீழ்ச் சுருள், சிறுநீர்ப்பையில் உணர்ச்சி மிகுந்த அடிப்பகுதியை உரசுகிறது. பை நிரம்பாதபோதே 'நிரம்பிவிட்டது' என்று மூளைக்குச் செய்தி போகிறது. எனவே அடிக்கடி ஓடவேண்டியிருக்கிறது. சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று குத்துவது ஏன்? சாதாரணமாகக் குழாய் பைக்குள் சாய்வாக நுழைவதால், பை சுருங்கும்போது வாய் மூடிக்கொள்ளும். ஸ்டென்ட் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சிறுநீர் மேல்நோக்கி ஏறிச் சிறுநீரகத்தை அழுத்துகிறது. உடல் அசைந்து வேலை செய்தால் சிறுநீர் சற்றுச் சிவப்பாவதும் உண்டு. தண்ணீர் நிறையக் குடித்து, பளு தூக்குவதைக் குறைத்தால் தொல்லை தணியும். தசையைத் தளர்த்தும் மாத்திரையும் டாக்டர் தருவார். ஆனால் குளிர்காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ, கட்டி கட்டியாக இரத்தமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சில நாட்களில் வேதனை பழகிவிடும். வேலைக்குப் போனால்தான் கூலி என்ற நிலையில், 'நன்றாகத்தானே இருக்கிறேன், ஸ்டென்ட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். இங்கேதான் கற்கண்டு நூல் மீண்டும் வருகிறது. சிறுநீரில் தொங்கும் அந்தக் குழலைப் பற்றிக்கொண்டு உப்புப் படிகங்கள் வளரத் தொடங்குகின்றன. மாதக்கணக்கில் மறந்துவிட்டால் குழல் முழுவதும் கல் பூத்துவிடும்; இழுத்தால் வராது. சிறுநீரகமே கெட்டுப்போனவர்களும் உண்டு.

உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஸ்டென்ட் வைத்திருந்தால், எடுக்கவேண்டிய தேதியை டாக்டரின் சீட்டில் பார்த்துச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். எடுப்பது எளிது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியே செலுத்தி, கீழ்ச் சுருளைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான்.