டெர்மினல் கோணினால் முதலில் எதைப் பார்ப்பது?

வயர் முனையில் டெர்மினலை அமுக்கும் கிரிம்பிங் மெஷினில், டெர்மினல் ஒரு பக்கம் கோணி வந்தால் பலரும் உடனே கிரிம்ப் உயரத்தை மாற்றுற டயலைத்தான் திருப்புவாங்க. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபீட்.

ரீலில் இருந்து வரும் ஸ்ட்ரிப்பில் சம இடைவெளியில் ஓட்டைகள் இருக்கும். ஃபீட் ஃபிங்கர் என்ற சின்ன கொக்கி அதில் விழுந்து, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒரு டெர்மினல் தூரம் தள்ளும். பக்கவாட்டு ஃபீடில், ஃபிங்கர் முன்னே போய் நிற்கிற இடம்தான் டெர்மினல் ஆன்விலுக்கு நடுவில் உட்காருமா என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னே வரும்போது அடுத்த ஓட்டையில் விழ, துளி கூடுதலாக வந்தால் போதும். குறைந்தால் ஸ்ட்ரிப் நகராது. ரொம்பக் கூடினால் ரெண்டு டெர்மினலைத் தள்ளிடும்.

சரிசெய்யும் முன் கரண்ட்டை நிறுத்தி, மெஷினைக் கையால் ஓட்டுங்க. ஸ்ட்ரிப்பைப் பிடிக்கும் பிரேக் லூஸாக இருந்தால், திரும்பும் ஃபிங்கரோடு ஸ்ட்ரிப்பும் பின்னால் வந்துடும்; அதை முதலில் பாருங்க. அடுத்து ஃபீட் நீளம், அதன்பின் நிற்கும் இடம். இந்த வரிசை முக்கியம்: நீளத்தை மாற்றினால் நிற்கும் இடமும் நகரலாம். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி கையால் சில தடவை ஓட்டிப் பாருங்க. இறுக்கும்போதும் கொஞ்சம் நகரும்.

கடைசியில்தான் மைக்ரோமீட்டரில் கிரிம்ப் உயரம். ஃபீட் கோளாறை உயரத்தைக் கூட்டிச் சமாளித்தால் டெர்மினல் நேராகத் தெரியலாம். உள்ளே இழைகளின் பிடி தளர்ந்து, மின்தடை ஏறி, இணைப்பு சூடாகும். வண்டி வயரிங்கில் அது தீப்பிடிக்கும் வரை போகும்.